சிறு ஊரில் பாப்டிஸ்ட் சபை தொடங்குவது எப்படி: ஆள், பதிவு, நிலம், அனுமதி, கல்லறை வரை

சிறு ஊரில் சபை தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இடம் எங்கே வாங்கலாம்?" என்றுதான். இடம் கடைசியில் வரட்டும். பேரூராட்சி ஒன்றில் இருக்கும் ஒரு பாப்டிஸ்ட் சபையின் செயலாளர் நான். வீட்டுக் கூட்டமாக இருந்த எங்கள் கூடுகை பதிவு பெற்று, நிலம் வாங்கி, அனுமதி வாங்கி, கட்டடம் எழும்பும் வரை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஃபைலோடு காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். எந்தக் காகிதம் எப்போது தேவைப்படும் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. அடுத்து வருகிறவர்களாவது இந்த அலைச்சல் இல்லாமல் தப்பட்டும் என்று எழுதுகிறேன். இதில் உள்ளதெல்லாம் தமிழ்நாட்டுச் சட்டமும் நடைமுறையும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாப்டிஸ்ட் சபையில் பேராயர் கிடையாது, மேலிடம் கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் கூடி எடுக்கும் முடிவுதான் சபையின் முடிவு. அதனால் வங்கிக் கணக்கு, பத்திரம், மின் இணைப்பு, கியூ.ஆர். அட்டை எதுவானாலும் சபையின் பெயரில் இருக்க வேண்டும். போதகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நிலம் கொடுத்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, தனி ஒருவர் பெயரில் எதையும் வைக்காதீர்கள்.

1. முதலில் ஆட்கள்

சங்கப் பதிவுக்குச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். அந்த 7 பேரும் ஒரே குடும்பமாக இருந்தால் பதிவு வேண்டுமானால் கிடைக்கும், சபை கிடைக்காது. குறைந்தது நான்கைந்து குடும்பங்கள், தொடர்ந்து ஓர் ஆண்டாவது வாரந்தோறும் கூடி வந்த பிறகு பதிவைப் பற்றி யோசியுங்கள்.

அந்த ஓர் ஆண்டில் செய்ய வேண்டிய வேலை உண்டு. வருகிறவர்களில் யார் ஏற்கெனவே வேறு சபையின் உறுப்பினர் என்று கேளுங்கள். அவர்கள் அங்கிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வரட்டும். சின்ன ஊரில் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே கடைத்தெருவில்தான் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்துச் சபையிலிருந்து பத்துக் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு வந்து தொடங்கிய சபைக்கு, பின்னால் கல்லறை கேட்டுப் போகும்போதும் திருமணத்துக்குப் போதகரைக் கேட்டுப் போகும்போதும் ஒரு கதவும் திறக்காது. அந்தச் சபைப் போதகரை நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் பழைய பாப்டிஸ்ட் சபை இருந்தால் அதைத் தாய்ச்சபையாக வைத்துக்கொள்ளுங்கள். சேலம், ராசிபுரம், சேந்தமங்கலம், கொல்லிமலைப் பக்கம் அப்படிப்பட்ட சபைகளின் வேர் ஆழமானது. தாய்ச்சபை உங்கள் மேல் அதிகாரம் செலுத்தாது. ஆனால் பதிவாகும் வரை ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதவும், மாதம் ஒருமுறை திருவிருந்து நடத்தவும், முதல் போதகரை அமர்த்தவும் அதுதான் துணை.

2. விசுவாச அறிக்கை, உடன்படிக்கை, துணைவிதிகள்

மூன்றும் வேறு வேறு. விசுவாச அறிக்கை என்பது நாம் என்ன நம்புகிறோம் என்பது. உடன்படிக்கை என்பது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு: சபைக்கு வருவது, கொடுப்பது, ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்குவது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். திருவிருந்து நாளில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் அளவில் இருக்கட்டும். துணைவிதிகள்தான் பதிவாளருக்குப் போகும் சட்டக் காகிதம். அதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

துணைவிதியில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பவை இவை. யார் உறுப்பினர் (விசுவாசித்து முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்), எந்த வயதில் ஓட்டு, பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்ற வரி. போதகரை அழைக்கவும் நீக்கவும் எத்தனை பங்கு ஓட்டு வேண்டும். கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை) எத்தனை பேர். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நான்கில் மூன்று பங்கு உறுப்பினர் ஓட்டும், முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பும் வேண்டும் என்ற விதி. சபை கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு பாப்டிஸ்ட் சபைக்குப் போகும், தனி ஆளுக்குப் போகாது என்ற விதி. இந்தக் கடைசி விதி இல்லாமல் வருமான வரித்துறையிடம் போனாலும் கேள்வி வரும்.

"நாமெல்லாம் சகோதரர்கள்தானே, இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். சகோதரர்களாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். மனக்கசப்பு வந்த பிறகு உட்கார்ந்து விதி எழுத முடியாது.

டைப் அடிக்கும் கடைகளில் "சங்க பைலா" என்று ஒரு மாதிரி கையில் கொடுப்பார்கள். அது விளையாட்டு மன்றத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் எழுதியது. பெயரை மட்டும் மாற்றிப் போடாதீர்கள்.

3. டிரஸ்டா, சங்கமா?

டிரஸ்ட் சுலபம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் முடிந்தது. இரண்டு பேர் போதும், ஆண்டுப் பொதுக்குழு கிடையாது. அதனால்தான் பல சுயாதீன ஊழியங்கள் டிரஸ்டாக இருக்கின்றன. ஆனால் டிரஸ்டில் சபையாருக்குச் சட்டப்படி ஓட்டு இல்லை. டிரஸ்டிகள் முடிவெடுப்பார்கள், அவர்கள் கணவன் மனைவியாக இருந்தால் சபை ஒரு வீட்டின் சொத்தாகிவிடும். பாப்டிஸ்ட் சபை என்று பெயர் வைத்துவிட்டு உறுப்பினருக்கு ஓட்டு இல்லாமல் வைப்பது பொருந்தாது. என் தீர்ப்பு: சங்கம்தான்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். வழக்கமாகக் கேட்பவை:

சங்க விதிமுறைக் குறிப்பும் துணைவிதிகளும், 7 பேர் கையெழுத்தோடு; நிர்வாகக் குழுப் பட்டியல் (குறைந்தது 3 பேர்); எல்லோருடைய ஆதார், புகைப்படம்; அலுவலக முகவரிக்கு ஆதாரம்; வாடகை இடமென்றால் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் வரி ரசீதும்.

பெயர் விஷயத்தில் கவனம். ஏற்கெனவே அந்த மாவட்டத்தில் பதிவான சங்கத்தின் பெயரோடு ஒட்டி வந்தால் திருப்பிவிடுவார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்து இரண்டு மூன்று பெயர்களைத் தயாராக வைத்திருங்கள். வரிசைக் கிரமமாகக் காகிதம் இருந்தால் சில வாரங்களில் முடியும். அரசுக் கட்டணம் பெரிதில்லை. ஆடிட்டர் அல்லது வக்கீல் கட்டணம்தான் செலவு. முன்கூட்டியே தொகையைப் பேசி எழுதி வாங்குங்கள்.

ஒரு கண்ணி: ஆதாரில் ஒரு பெயரும் சபையில் இன்னொரு பெயரும் உள்ளவர்கள் நம்மிடம் நிறைய. முருகேசன் என்று ஆதாரில் இருப்பவர் சாமுவேல் என்று கையெழுத்துப் போட்டால் மனு அப்படியே திரும்பி வரும். ஆதாரில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும், இன்ஷியல் உட்பட.

4. பான், வங்கி, காணிக்கைப் பை

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எடுங்கள். நூறு ரூபாய் சில்லறைதான் கட்டணம். அப்புறம் வங்கி. பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான், கணக்குத் தொடங்கும் தீர்மானத்தின் நகல், கையெழுத்துப் போடுபவர்களின் ஆவணங்கள் வேண்டும். செயலாளர், பொருளாளர், தலைவர் மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். போதகரைக் கையெழுத்துப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு.

தீர்மான நகலில் ஓர் எழுத்து பெயர் மாறினாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். சான்றிதழில் "பாப்டிஸ்ட்" என்று இருந்து தீர்மானத்தில் "பாப்திஸ்து" என்று இருந்தால் அது வேறு சங்கம். ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கும்போதே சான்றிதழைப் பார்த்து எழுதிக் கொடுங்கள்.

காணிக்கையை எண்ணும் முறையைத் தொடக்கத்திலேயே பழக்குங்கள். ஆராதனை முடிந்ததும் உறவினர் அல்லாத இருவர், ஒரு மேசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி எண்ண வேண்டும். நோட்டு வாரியாக ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அந்தச் சீட்டைப் பேரேட்டில் ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை பணம் வங்கிக்குப் போய்விட வேண்டும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு, போதகரின் பெட்ரோலுக்கு என்று பையிலிருந்தே எடுத்துச் செலவு செய்துவிட்டு மீதியைக் கட்டுவது பல இடங்களில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். முழுவதையும் கட்டி, செலவுக்குத் தனியாக எடுங்கள்.

கியூ.ஆர். அட்டை ஒட்டும்போது அது சபைக் கணக்கோடு இணைந்ததா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அவசரத்துக்குப் போதகரின் கைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டால், ஆண்டு முடிவில் அது அவருடைய வருமானமா சபையின் வருமானமா என்று பிரிப்பது பெரும் பாடு.

5. வரியும் வெளிநாட்டுப் பணமும்

வருமான வரி விலக்குக்கு மத நிறுவனமாகத் தனியாகப் பதிய வேண்டும். சங்கப் பதிவு இருந்தால் விலக்கு தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கிடைக்கும் பதிவு நிரந்தரமானது அல்ல, அதற்குக் காலக்கெடு உண்டு. அது காலாவதி ஆவதற்கு முன்பே, நேரம் வைத்து, அடுத்த பதிவுக்கு மனுப் போட வேண்டும். தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது செயலாளரின் வேலை.

80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தரும் சலுகை பற்றி நன்கொடையாளர்கள் கேட்பார்கள். வழிபாட்டுக்காக மட்டும் இயங்கும் சபைக்கு அது பொருந்தாது. மதச் செலவு மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தச் சலுகை கிடையாது. "உங்களுக்கு வரிக் கழிவு கிடைக்கும்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பணம்தான் பெரிய கண்ணி. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அத்தை, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான்; எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அவர் பணத்தை வாங்கக் கூடாது. அவர் ஊருக்கு வந்து காணிக்கைப் பையில் போடும் ரூபாய் நோட்டுக்கும் அதே விதி. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டுமென்றால் சங்கம் தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும், டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். சின்ன ஊர்ச் சபைக்கு இது எட்டாது. அன்போடு மறுத்துவிடுங்கள்.

அதேபோல் சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டு விருந்தினர் ஆராதனையில் உட்காரலாம். மேடையேறிப் பிரசங்கம் செய்யக் கூடாது. போஸ்டரில் அவர் பெயரைப் போடவே போடாதீர்கள்.

6. வாடகை இடம்

குடும்பமாக வீட்டில் ஜெபிப்பது வேறு. வாராவாரம் வெளியாட்கள் வந்து கூடும் இடமாக ஒரு வீட்டை மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு அனுமதி கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் காவல் நிலையத்திலிருந்து தாசில்தார் வரை விசாரணை வரும். நிரந்தர இடம் அமையும் வரை, ஏற்கெனவே பொதுக்கூட்டங்களுக்கு உரிமம் உள்ள சிறிய மண்டபத்தை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது நிம்மதி. முகூர்த்த மாதங்களில் ஞாயிறு மண்டபம் கிடைக்காது. அந்த வாரங்களுக்கு மாற்று இடத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் "வழிபாட்டுக் கூட்டத்துக்கு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். "டியூஷன் சென்டர்" என்று மறைத்து எழுதினால் பின்னால் அதுவே நமக்கு எதிராக நிற்கும். வீட்டு இணைப்பில் மின்சாரம் எடுத்து ஆராதனை நடத்துவதும் அப்படித்தான்; வழிபாட்டுத் தலத்துக்குத் தனி மின்கட்டண வகை இருக்கிறது, தவறான வகையில் பயன்படுத்தினால் அபராதம்.

7. நிலம்

நிலம் பார்க்கும்போது கேட்க வேண்டியவை: தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், மனைப் பிரிவு அங்கீகாரம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கக் கூடாதவை சில உண்டு. பஞ்சமி நிலம் பட்டியல் இனத்தவருக்கு அரசு ஒப்படைத்தது. சபை வாங்கினால் செல்லாது. விற்பவர் நம் சபைக்காரராகவே இருந்தாலும் வேண்டாம். கோயில் நிலம், வக்பு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு இவற்றை வாங்கவே முடியாது; இவற்றை ஒட்டிய மனைகளுக்கு அளவையரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். அங்கீகாரம் இல்லாத மனை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கட்டட அனுமதி கிடைக்காது.

செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பத்திர விலை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கு. 10 லட்சம் ரூபாய் நிலத்துக்கு 90,000 ரூபாய் இதற்கே போகும். இதை மறந்துவிட்டு நிலத்தின் விலைக்கு மட்டும் பணம் திரட்டி, பதிவு நாள் நெருங்கும்போது வட்டிக்கு வாங்கிய சபைகளை எனக்குத் தெரியும்.

உறுப்பினர் ஒருவர் நிலத்தைத் தானமாகத் தருகிறேன் என்றால் சந்தோஷம். ஆனால் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குத்தான் தீர்வையில் சலுகை. சபைக்கு எழுதினால் முழுத் தொகையும் உண்டு. அவருடைய பிள்ளைகளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது எல்லோரும் சம்மதம். காலமான பிறகு, வெளியூரில் இருக்கும் மகனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும்.

8. கலெக்டர் அனுமதி

நிலம் சபையின் பெயரில் வந்துவிட்டது, பேரூராட்சியில் வரைபடம் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பொது வழிபாட்டுக்கான கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். இருக்கும் வீட்டை ஆலயமாக மாற்றினாலும் இதே விதி. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். அதனால் இந்த மனுவின் உயிர் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது.

மனுவோடு வைக்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்றிதழ், பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இடத்தின் வரைபடம் (சுற்றிலும் உள்ள வீடு, பள்ளி, கோயில், மசூதி தூரத்தோடு), கட்டட வரைபடம், பொதுக்குழுத் தீர்மானம். கலெக்டர் அலுவலகம் வருவாய்க் கோட்டாட்சியர், தாசில்தார், காவல்துறை, உள்ளாட்சி ஆகியோரிடம் அறிக்கை கேட்கும். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்ப்பார். அக்கம்பக்கத்தாரிடம் ஆட்சேபணை உண்டா என்று விசாரிப்பார்கள்.

இந்தச் சுற்று முடிய மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. எங்கள் மனு ஓர் அலுவலகத்தில் அசையாமல் கிடந்தது. கேட்டபோது, இன்னோர் அலுவலகத்தின் அறிக்கை வரவில்லை என்றார்கள்; அங்கே போய்க் கேட்டால், அறிக்கை எப்போதோ போய்விட்டதாம். அந்த அனுப்புகை எண்ணை வாங்கிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. அதனால் ஒவ்வொரு மேசையிலும் அனுப்புகை எண், தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மனுவைக் கையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். எழுத்தில் மறுத்தால் அந்த ஆணையைக் கேட்டு வாங்குங்கள். உயர்நீதிமன்றம் போக அதுதான் வழி.

மனுப் போடுவதற்கு முன்பே சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். போதகர் தனியாகப் போக வேண்டாம். அந்தத் தெருவில் தெரிந்த முகமாக இருக்கும் மூத்த தம்பதியர் யாரேனும் முன்னால் போகட்டும். மைக் வெளியே வைக்க மாட்டோம், வண்டிகளை உங்கள் வாசலில் நிறுத்த மாட்டோம் என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பவர்களிடம் வாங்கி மனுவோடு இணையுங்கள்.

அனுமதி வராமல் கடைக்கால் தோண்டாதீர்கள். "முதலில் ஷெட் போட்டுவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்பவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். சீல் வைத்த ஷெட்டுக்கு முன்னால் தெருவில் நின்று ஆராதனை செய்யும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

ஆலயம் முடிந்ததும் சொத்து வரி விலக்குக்கு மனுக் கொடுங்கள். பொது வழிபாட்டுக்குரிய கட்டடத்துக்கு மட்டும்தான் விலக்கு. போதகர் குடியிருப்புக்கும், வாடகைக்கு விட்ட கடைக்கும் வரி உண்டு.

9. ஞானஸ்நானம்

பாப்டிஸ்ட் சபைக்கு வாசல் இதுதான். குழந்தைக்குக் கொடுப்பதில்லை, தானே விசுவாசித்து அறிக்கையிடுகிறவருக்கு, முழுக்கு. ஆயத்த வகுப்பு சில மாதங்கள் நடக்கட்டும். பிறகு அவர் சபை முன் சாட்சி சொல்ல, உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டு ஓட்டளிக்க வேண்டும். இந்தப் படியைப் பல புதுச் சபைகள் தாண்டிவிடுகின்றன. தாண்டினால் உறுப்பினர் பட்டியல் யாரும் பொறுப்பேற்காத பட்டியலாகிவிடும்.

ஆயத்த வகுப்பில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறும் பட்டியல் இனத்தவருக்கு எஸ்.சி. தகுதி நீடிக்காது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பிள்ளைகளின் உதவித்தொகை, வேலை, உள்ளாட்சித் தேர்தல் எல்லாவற்றையும் இது தொடும். இது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் அதை மறைத்து ஒருவரைத் தண்ணீரில் இறக்குவது அதைவிட அநியாயம். குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கட்டும், காத்திருங்கள். ஞானஸ்நானத்தோடு அரிசி, சேலை, பள்ளிக் கட்டணம் எதையும் முடிச்சுப் போடாதீர்கள். உதவி தனி, அது எல்லோருக்கும்.

ஆற்றில் கொடுப்பதென்றால் காவிரியில் மேட்டூர் தண்ணீர் திறப்பைப் பார்த்துத் தேதி வையுங்கள். வழக்கமாக ஜூன் 12 திறப்பு நாள். திறந்த பிறகு முந்தின வாரம் இடுப்பளவு இருந்த இடம் அடுத்த வாரம் ஆளை இழுக்கும். மணல் எடுத்த பள்ளங்களும் உண்டு. நீச்சல் தெரிந்த இருவர் கயிற்றோடு நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

தொட்டி கட்டுவது நல்லது. உள்ளளவு 8 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி ஆழம் போதும். 3 அடிக்குத் தண்ணீர் நிறைத்தால் ஏறக்குறைய 3,400 லிட்டர். ஒரு டிராக்டர் டேங்கரில் வந்துவிடும். நீளவாக்கில் சாய்ப்பதால் 8 அடிக்குக் குறைக்காதீர்கள். இருபுறமும் படி, எவர்சில்வர் கைப்பிடி, அடியில் வடிகால் வால்வு. தரையில் வழுவழு டைல்ஸ் வேண்டாம். பெண்களுக்கு வெள்ளைத் துணி நனைந்தால் உடம்போடு ஒட்டும். கெட்டியான துணியில் மேலங்கி தைத்து வையுங்கள். ஏறும் படியருகே ஓர் அக்கா பெரிய துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடை மாற்றும் அறை நான்கு எட்டு வைக்கும் தூரத்துக்குள் இருக்கட்டும்.

10. திருமணம்

இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872இன்படி பாப்டிஸ்ட் போதகர் திருமணம் நடத்த அரசின் உரிமம் வேண்டும். போதகராக அபிஷேகம் செய்யப்பட்டிருந்தாலே போதும் என்று எண்ணுபவர்கள் அதிகம். அதிகாரம் இல்லாமல் நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. உரிமம் வர நீண்ட காலம் எடுக்கும். அதுவரை உரிமம் உள்ள வேறு சபைப் போதகரை அழைத்து நடத்துங்கள். அவர் பதிவேட்டில்தான் கையெழுத்து.

முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடத்த வேண்டும். திருமணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன் கீழ் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. தம்பதியர் தேன்நிலவு, மறுவீடு என்று மறந்துவிடுவார்கள். செயலாளர் நினைவூட்டட்டும்.

11. கல்லறை

முதல் மரணம் வருவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். சின்ன ஊர்களில் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் ஏதாவது ஒரு சபைக்குச் சொந்தம். அடக்கத்தின் அன்று காலையில் போய் இடம் கேட்டால், "எங்கள் உறுப்பினர் இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உடல் வீட்டில் கிடக்க, நாம் வாசலில் நிற்போம். நினைத்தாலே மனது வலிக்கிறது.

உள்ளாட்சிக்குச் சொந்தமான கிறிஸ்தவ மயானம் இருக்கிறதா என்று செயல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் பக்கத்துச் சபைக் கமிட்டியோடு குழிக் கட்டணம், நேரம், யார் ஜெபம் பண்ணுவது எல்லாவற்றையும் பேசி எழுத்தில் வாங்குங்கள். சொந்த நிலத்தின் மூலையில் அடக்கம் செய்துவிடலாம் என்று முடிவெடுக்காதீர்கள். கிராம ஊராட்சிப் பகுதியில் உரிமம் இல்லாத இடமென்றால், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யத் தடை இருக்கிறது. மீறினால் தோண்டி எடுக்கச் சொல்லி வழக்கு வரும்.

12. ஊரோடு இருப்பது

ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் அளவே சாதாரணப் பேச்சுச் சத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஐம்பது பேர் உட்காரும் அறைக்கு டிரம்ஸும் இரண்டு பெரிய பாக்ஸும் தேவையில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாக்ஸ் இல்லாமல் நடத்துங்கள். கேரல் ரவுண்ட்ஸுக்குக் காவல் நிலையத்தில் தேதியும் தெருவும் எழுதிக் கொடுத்து, அழைத்த வீடுகளுக்கு மட்டும் போங்கள்.

வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். பெற்றோரின் கையெழுத்தோடு ஒப்புதல் கடிதம் வாங்காமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள். அதில் வேதபாடம் நடக்கும் என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். வகுப்பறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். வேனில் தனியாக ஒரு பிள்ளையை யாரும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். யார் வீட்டில் சமைத்தது என்று பாராமல் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். சாதி பார்த்துத் தள்ளி உட்காரும் பழக்கம் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். போதகர் அன்றே பேச வேண்டும். திருவிருந்துக்குத் தனித்தனிச் சிறு கிண்ணம், திராட்சைச் சாறு. அந்தக் கிண்ணங்களைக் கழுவும் பொறுப்பை ஆண்களும் முறை வைத்து எடுத்துக்கொள்ளட்டும்.

13. ஆண்டுதோறும்

நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்ததும் கணக்கை ஆடிட்டரிடம் கொடுங்கள். பொதுக்குழுவுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, வரவு செலவை வரி வரியாக வாசியுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை வாசிக்க வேண்டாம். எதற்கு எவ்வளவு போனது என்பதை ஒரு ரூபாய் விடாமல் வாசியுங்கள். நிர்வாகக் குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தேர்தல் நடத்தி, மாறிய பெயர்களை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். இரண்டு மூன்று ஆண்டு தாக்கல் செய்யாமல் விட்டால் வங்கி, வரி, கலெக்டர் அலுவலகம் மூன்றிலும் "சங்கம் நடப்பில் இருக்கிறதா?" என்ற கேள்வி வரும், அதைச் சரிசெய்யத் தாமதக் கட்டணமும் விளக்கக் கடிதமும் ஆகும்.

உறுப்பினர், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், தீர்மானம், காணிக்கை என ஆறு பதிவேடுகள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு நகலைச் செயலாளர் வீட்டிலும் இன்னொன்றைத் தாய்ச்சபையிலும் வையுங்கள். செயலாளர் மாறும்போது பதிவேடுகளைப் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும்.